பூஜ்யம் முதல் பத்து வரை

ஜூன் 3

பிசியோ மேடம் சொல்லிவிட்டார், எழுதித்தான் ஆக வேண்டுமாம். தினமும் தூக்கம், சாப்பாடு, பயிற்சி, வலி. வலிக்கு மட்டும் பூஜ்யம் முதல் பத்து வரை மார்க் போட வேண்டும். எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். "போன்ல டிக் அடிக்கச் சொன்னா நீங்க பொய் சொல்லிடறீங்க. கைப்பட எழுதுனா கொஞ்சமாச்சும் கூச்சம் வருமுங்க" என்றார். கோயம்புத்தூர்க்காரர். திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவார்.

முதல் பக்கம் என்றால் பெயர் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள். பெயர் ஜெனிஸ்டன் ரொட்ரிகோ. ஊர் தூத்துக்குடி. தொழில் கால்பந்து, இடது விங்கர். அதாவது மைதானத்தின் இடதுகைக் கோட்டை ஒட்டியே மேலும் கீழும் ஓடி, நடுவில் நிற்கிறவன் காலில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அவன் கோல் அடித்துக் குதிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துக் கைதட்டுகிறவன். பதினோரு வருஷமாக இதுதான் சோறு. கொல்கத்தாவில் கொஞ்ச நாள், ஐஸ்வாலில் கொஞ்ச நாள், இப்போது கோவா. வயது முப்பத்திரண்டு. என் மனைவி மெட்டில்டா முப்பத்து மூன்று என்பாள். நம்ப வேண்டாம்.

கடைசி மேட்ச்சில் இடது தொடையின் பின்தசை கிழிந்தது. ஜூலை முடிவதற்குள் 'ஓடத் தகுதி' என்று மேடம் எழுதிக் கொடுத்தால் கிளப் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கும். இல்லையென்றால் அவ்வளவுதான், ஒரு சால்வைகூடப் போர்த்த மாட்டார்கள்.

தூக்கம்: நன்று. சாப்பாடு: இட்லி மூன்று, மீன் குழம்பு சோறு. இனிப்பு: இல்லை. வலி: பூஜ்யம்.

ஜூன் 4

மேடத்தின் பதில் வந்தது. "பூஜ்யம் வலி இருக்கறவரு மாடிப்படியில உக்காந்து உக்காந்து இறங்க மாட்டாருங்க. மக்ரூன் சாப்பிட்டதையும் எழுதுங்க."

எங்கள் வீடு மாடியில். கீழே மெட்டில்டாவின் பேக்கரி. அவள் அப்பா ஆரம்பித்தது, இப்போது அவள் ராஜ்யம். மாடிப்படியில் நான் உட்கார்ந்து இறங்கியது மேடத்துக்கு எப்படித் தெரிந்தது? கோயம்புத்தூரிலிருந்து பார்த்தால் தெரியுமா?

வலி: ஒன்று.

ஜூன் 9

ஒற்றர் பிடிபட்டார். என் வீட்டிலேயே, என் சோற்றிலேயே... சரி, அவள் சோற்றிலேயே.

"ஏட்டி மெட்டி, மேடத்துக்கு நீயா மெசேஜ் போடுத?"

"ஆமா. கேட்டாவ, சொன்னேன். மாதா கோயில் பக்கத்துல இருந்துக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்லுதீயளா?"

"நான் உன் புருஷன்."

"அதனாலதான் பாதி மட்டும் சொன்னேன். ராத்திரி பாத்ரூமுக்குப் போகயில சுவரப் பிடிச்சுக்கிட்டு அம்மான்னு கத்துனத சொல்லல."

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு விங்கருக்கு வேகம் போய்விட்டது என்று கிளப்பில் ஒருத்தன் வாய்விட்டுச் சொன்னால் போதும். கோல்கீப்பர் நாற்பது வரைக்கும் நிற்கலாம். எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

வலி: இரண்டு.

ஜூன் 10

வலி: ஆறு. நிஜம். போதுமா மேடம்?

ஜூன் 19

பயிற்சி: குப்புறப் படுத்துக் காலை மடக்குவது, பத்து பத்தாக மூன்று தடவை. மெட்டி வீடியோ எடுக்கிறாள். ஜோவினா என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். அவளுக்கு நாலு வயது. எடைப் பயிற்சி என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று மெட்டி என்னை மக்ரூன் பிழியும் மேஜையில் உட்கார வைத்தாள். முட்டையின் வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, சர்க்கரையும் முந்திரித் தூளும் சேர்த்து, காகிதக் கூம்பில் நிரப்பிச் சின்னச் சின்னக் கோபுரமாகப் பிழிய வேண்டும். அவள் பிழிந்தவை எல்லாம் நட்டுவைத்த மாதிரி நின்றன. என்னுடையவை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

"பாத்தியளா, மாவுகூட இடது பக்கமே போவுது" என்றாள்.

சாய்ந்தவற்றை விற்க முடியாதாம். வீணாக்கக்கூடாது என்பதால் நானே தீர்த்தேன். இனிப்பு: கட்டாயத்தின் பேரில்.

வலி: நான்கு.

ஜூன் 24

ஜோவினாவின் பள்ளித் தோழி வீட்டுக்கு வந்திருந்தாள். என்னைக் காட்டி ஜோவினா அறிமுகம் செய்தாள். "இது எங்க அப்பா. டிவிக்குள்ள இருப்பாங்க. இப்போ கால் சரியில்லாம வெளிய வந்திருக்காங்க."

மெட்டி கல்லாவில் நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் ஜோவினாவைத்தான் கேட்டேன். கல்யாணமாகி ஏழு வருஷம். சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்த வீட்டில் ஒரு வருஷம் இருந்திருப்பேனா என்பது சந்தேகம். மெட்டி சொன்னாள்: "நீங்க வீட்டுலயும் விங்கருதான். ஓரமாவே நிக்கிய. உள்ள வாங்க, உப்பு எங்க இருக்குன்னு தெரியும்."

வலி: மூன்று.

ஜூலை 2

மெதுவோட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. கடற்கரைச் சாலையில் காலையில் ஓடினேன். உப்பு லாரிக்காரர் ஒருவர் வண்டியை மெதுவாக்கி, "தம்பி, ஏறிக்கிடுதியளா?" என்று கேட்டார். நான் ஓடுவதாகவே அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் பரணிலிருந்து என் பெட்டி இறங்கியிருக்கிறது. மெட்டி அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு மாசம் இருக்குல்லா?"

"தூசியா இருந்துச்சு. எனக்கென்ன, ஒரு மணி நேர வேலை. நீங்க சொன்னதும் அடுக்கிருவேன்."

உண்மைதான். இவளைப்போல் வேகமாகப் பெட்டி அடுக்குகிறவளை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் மடமடவென்று மடித்து, அமுக்கி, ஜிப்பை இழுத்து, "கிளம்புங்க, நேரமாவுது" என்பாள். மற்ற ஆட்டக்காரர்களின் மனைவிமார் ஏர்போர்ட்டில் அழுவார்கள். இவள் மாவு தீர்ந்துவிட்டது, வழியில் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பாள். குறையாகச் சொல்லவில்லை. வசதிதான்.

வலி: ஒன்று.

ஜூலை 11

இந்தப் பக்கத்தை மேடத்துக்கு அனுப்பவில்லை. போட்டோ தெளிவாக விழவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு என்று நான்கு டப்பா மக்ரூன் வாங்கிய ஒரு அம்மா, பணத்தைக் கொடுத்துவிட்டு டப்பாக்களைக் கல்லாவிலேயே விட்டுவிட்டுத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். பஸ் நகர்ந்துவிட்டது. மெட்டி "ஐயையோ" என்றாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பையை எடுத்தேன், ஓடினேன். நடைபாதையை ஒட்டி, இளநீர் வண்டியைத் தாண்டி, ஒரு சைக்கிள்காரருக்குத் தோளைச் சாய்த்து ஏமாற்றுக் காட்டிவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கு முன்பே பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். பஸ்ஸுக்கும் வாசல் இடது பக்கம்தான், எனக்குப் பழகின பக்கம். கண்டக்டரின் கையில் பையைக் கொடுத்தபோது ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மக்ரூன் ஒன்றுகூட உடையவில்லை. பதினோரு வருஷத்தில் இதைவிட நல்ல பாஸ் நான் கொடுத்ததில்லை.

திரும்பி நடந்து வரும்போதுதான் தொடையின் நினைவே வந்தது. அது சும்மா இருந்தது. என்னைவிட அமைதியாக இருந்தது.

கடை வாசலில் ஜோவினாவின் கையைப் பிடித்தபடி மெட்டி நின்றிருந்தாள். முழுவதையும் பார்த்திருக்கிறாள்.

"கால் வலிக்கா?"

"வலிக்கு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமா. வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வலி: மூன்று. யோசித்துப் பார்த்தால், நான்கு.

ஜூலை 12

மேடத்துக்கு (இனி தனித்தாளில்): வலி நான்கு. காலையிலிருந்து நொண்டி நொண்டித்தான் நடக்கிறேன்.

மதியம் ஜோவினா: "அப்பா, காலைல அந்தக் கால நொண்டுனீங்க. இப்போ இந்தக் கால நொண்டுதீங்க."

இவள் எதிர்காலத்தில் லைன் ரெஃப்ரீ ஆவாள். இரண்டு மக்ரூன் கொடுத்து வாயை அடைத்தேன்.

ஒரு பயம் இருக்கிறது. ஒற்றர் அறிக்கை என்ன போகிறதோ? பஸ்ஸை விரட்டியதைக் கண்ணால் பார்த்தவள் மெட்டி.

ஜூலை 15

ஆச்சரியம். மேடத்தின் பதில்: "சரிங்க. அவசரம் இல்லீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க." திட்டவே இல்லை.

ஒன்று, மெட்டிக்கு மறந்திருக்க வேண்டும். அல்லது நான் அவ்வளவு நன்றாக நொண்டுகிறேன். இரண்டாவதுதான் இருக்கும்.

வலி: நான்கு.

ஜூலை 20

கிளப் மேனேஜர் கோவாவிலிருந்து போன் செய்தார். ஒப்பந்தம் தயாராம், மேடத்தின் சீட்டு மட்டும் வந்தால் முதல் தேதிக்கு டிக்கெட் போடுவார்களாம். புதிதாக ஒரு பத்தொன்பது வயதுப் பையனை இடது பக்கத்துக்கு எடுத்திருக்கிறார்களாம். "நல்ல வேகம், ஜெனி. ஆனா எப்போ ஓடணும்னு தெரியல. நீ வந்தாத்தான் சரி" என்றார். நெஞ்சு நிமிர்ந்தது, மறுக்க மாட்டேன். போனை வைத்தபோது மெட்டி முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாவ?"

"முதல் தேதி வரணுமாம்."

"கால் வலிக்குன்னு சொல்லலியா?"

"சொல்லணும்."

அவள் உடைத்த அடுத்த முட்டையில் மஞ்சள்கரு உடைந்து வெள்ளையோடு கலந்துவிட்டது, இனி அது நுரைக்காது. அவளுக்கு இப்படி ஆகி நான் பார்த்ததில்லை. சட்டி முழுவதையும் ஆம்லெட்டாக்கி எனக்கே போட்டாள். சாப்பாடு: ஆம்லெட், எட்டு முட்டை. காரணம் கேட்க வேண்டாம்.

ஜூலை 26

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். பதினோரு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். ஒவ்வொரு வருஷமும் திருவிழா நேரத்தில் எங்கேயாவது ஒரு மைதானத்தில் கூம்புகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பேன். மெட்டி போனில் கொடியைக் காட்டுவாள், படம் நின்று நின்று வரும். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வரைக்கும் இனி ஊரே தூங்காது.

ஜோவினாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். கொடி ஏறும்போது ஊரே "மாமரியே" என்று கூப்பிட்டது. மெட்டி மல்லிகைப்பூ வைத்திருந்தாள். நெரிசலில் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அடுத்த வருஷம் விலைய ஏத்தணும். முந்திரி விலை ஏறிருச்சு."

மாதாவிடம் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை எழுதுவதற்கில்லை. கால் சம்பந்தப்பட்டதுதான். எந்தத் திசையில் என்று மட்டும் மாதாவே குழம்பியிருப்பாள்.

வலி: நான்கு.

ஜூலை 29

திருநெல்வேலியில் சொந்தக்காரர் கல்யாணமாம். அந்தச் சாக்கில் மேடம் நேரிலேயே வந்துவிட்டார். தருவை மைதானத்துக்குக் காலையிலேயே வரச் சொன்னார். ஆரஞ்சு கூம்புகள், விசில், கடிகாரம். ஆறு ஓட்டம் ஓட வேண்டும்.

சந்தேகம் வரக்கூடாது என்று முதல் இரண்டையும் ஒழுங்காக ஓடினேன். மூன்றாவதில் பாதி வழியில் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். பெனால்டிக்காக எத்தனை தடவை விழுந்திருக்கிறேன், இது வராதா? முகத்தைச் சுளித்து "அம்மா" என்றேன்.

மேடம் நடந்து வந்து பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். தொடையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. போனை எடுத்தார்.

"ஜூலை பன்னெண்டு. நீங்க எழுதுனது, வலி நாலு. அன்னிக்கு உங்க வீட்டம்மா அனுப்பினது, படிக்கிறேனுங்க. 'மேடம், இவங்களுக்கு இன்னும் ரொம்ப வலிக்கு. அவசரப்பட்டுக் கூப்பிட்டுறாதீங்க.' ஜூலை இருபது, 'நடக்கவே முடியல மேடம்.' இருபத்தாறு, 'ராத்திரி பூரா முனங்குறாங்க.'"

நான் எழுந்து உட்கார்ந்தேன். "நான் முனங்கல மேடம்."

"தெரியுமுங்க. நீங்க அனுப்புன பயிற்சி வீடியோல பின்னாடி உங்க பாப்பா கத்துது, 'எங்கப்பா பஸ்ஸ முந்திட்டாங்க'ன்னு. மூணு தடவ." போனை உள்ளே வைத்தார். "பொய் சொல்றதுகூடப் பரவால்லீங்க. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரே பொய்யை, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம எனக்கு அனுப்பறீங்களே, நான் என்னங்க போஸ்ட் ஆபீஸா?"

பெட்டியைத் தூசி தட்டி வைத்தவள். ஒரு மணி நேர வேலை என்றவள். அவளா?

"எந்திரிங்க" என்றார் மேடம். "மிச்சத்த ஓடுங்க. எனக்காக இல்ல. ஓட ஆசை இருக்கா இல்லையான்னு நீங்களே பாத்துக்கங்க."

ஓடினேன். கோட்டை ஒட்டி, முகத்தில் உப்புக் காற்று அடிக்க, முழு வேகத்தில். ஆசை இருக்கிறது. நிறையவே இருக்கிறது. கடைசி ஓட்டத்தில் எதிரே யாருமே இல்லாமல் தோளைச் சாய்த்து ஒரு ஏமாற்றும் காட்டினேன். வீட்டில் இருக்கவும் அதே அளவுக்கு ஆசையாக இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் கண்டுபிடிக்க வைத்ததற்கு மேடத்துக்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா?

"நான் 'தகுதி'ன்னுதான் எழுதுவேனுங்க" என்றார். "மத்ததுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல. வீட்டுல பேசுங்க."

வலி: பூஜ்யம். இந்தத் தடவை நிஜமாகவே.

ஜூலை 30

நேற்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. இன்று மதியம் கடையை அடைத்த நேரத்தில் மாடிக்கு வந்தவளிடம், "சீட்டுக் கொடுத்துட்டாங்க" என்றேன்.

அவள் பெட்டியைக் கட்டில்மேல் தூக்கி வைத்தாள். அலமாரியைத் திறந்து சட்டைகளை எடுத்தாள். கை வழக்கம்போல மடமடவென்று ஓட ஆரம்பித்தது.

"நான் ராத்திரி பூரா முனங்குதேனாமே?" என்றேன்.

கை நின்றது. முகம் சிவந்தது. பிறகு அந்தச் சட்டையாலேயே என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள். "நீங்க மட்டும் என்னவாம்? பஸ்ஸ விரட்டிப் பிடிச்சுட்டு வந்து வலிக்குன்னு நின்னிய. நான் என்ன குருடா?"

"அப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா போயிருவிய."

அப்படியே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"நீ எப்பவும் வேகமா அடுக்கிக் கொடுப்பியே மெட்டி. நான் போனா உனக்கு நிம்மதின்னு நெனச்சேன்."

"நிம்மதியா? மெதுவா அடுக்குனா அழுகை வந்துரும். அழுதா நீங்க போக மாட்டிய. போகாட்டா பின்னாடி என்னையச் சொல்லுவிய. அதான் வேகம்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஏழு வருஷமா எனக்குப் பிடிக்கல. பிடிக்காமலேதான் அனுப்புனேன்."

இத்தனை வருஷமாக என்னைவிட வேகமானவள் இந்த வீட்டில் இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. நானும் சொன்னேன். அங்கே ஹோட்டல் அறையில் படுத்துக்கொண்டு கடை சிசிடிவியைப் போனில் பார்ப்பேன் என்று. கல்லாவுக்குப் பின்னால் அவள் தலை மட்டும் தெரியும். "அதத்தான் பாப்பிய, கல்லாவ" என்றாள். கண்ணீரோடு கேலி செய்ய இவளால் மட்டும்தான் முடியும்.

பிறகு அவளே முடிவு சொன்னாள். "ஆசை இருக்குல்லா? மொகத்தப் பாத்தாலே தெரியுது. போங்க. ஒரு வருஷம். இதுதான் கடைசி. ஆனா இந்தத் தடவ பிடிக்கலன்னு சொல்லித்தான் அனுப்புதேன். பெட்டிய நீங்களே அடுக்குங்க."

மேனேஜருக்குப் போன் செய்தேன். ஏழாம் தேதி வருகிறேன், திருவிழா முடியாமல் வர மாட்டேன் என்றேன். பதினோரு வருஷத்தில் நான் கேட்ட முதல் லீவு. அவர் முனகினார், அப்புறம் சரி என்றார்.

ஆகஸ்ட் 5

திருவிழா. எழுத நேரமில்லை. மக்ரூன் பிழிந்து கை வீங்கிவிட்டது. சாய்ந்தவையும் இன்று விற்றுப்போயின.

ஆகஸ்ட் 7, கோவா

மேடம், மன்னிக்கவும். இனி இந்தப் பக்கங்கள் உங்களுக்கு வராது. நேற்று கிளம்பும்போது மெட்டி சொல்லிவிட்டாள்: "தூக்கம், சாப்பாடு, வலி, எல்லாம் இனி எனக்கு அனுப்புங்க. பொய் எழுதுனா எனக்கு ஒற்றர் இருக்கு." ஜோவினா தலையாட்டினாள்.

ஆகவே, மெட்டிக்கு:

நானே அடுக்கிய பெட்டியைத் திறந்தேன். காலுறை ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை. ஆனால் உன் கடையின் காகிதக் கூம்பு ஒன்று எப்படியோ உள்ளே வந்திருக்கிறது. காலையில் பயிற்சி. அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் என்னைவிட வேகம்தான், ஒத்துக்கொள்கிறேன். எப்போது ஓட வேண்டும் என்பதில் மட்டும் நான் அவனை நான்கு தடவை ஏமாற்றினேன். தொடை நன்றாக இருக்கிறது.

தூக்கம்: இல்லை. சாப்பாடு: இரண்டு சப்பாத்தி, இறங்கவில்லை. இனிப்பு: நீ கொடுத்த டப்பாவில் பாதி. வலி: ஏழு. கால் இல்லை.

பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது.

"எனக்கு எட்டு. காலுறை வாங்கிப் போட்டுக்கிட்டு ஒழுங்கா ஓடுங்க."